நாயின் மூக்கும் மனிதனின் எண்ணமும்: இங்கிலாந்தின் வேட்டைச் சட்டத்துக்கு எந்த வழி சரி?

கரிசல் காட்டில் சிப்பிப்பாறை நாய் முயலைத் துரத்துவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பருத்திமார் பிடுங்கிய நிலத்தில், ஓடையோரப் புதரிலிருந்து முயல் எழும்பியதும் கயிற்றை விட்டுவிடுவார்கள். அதற்கப்புறம் நாயைக் கூட்டி வந்தவர் மனதில் என்ன இருந்தது என்பதற்கு மதிப்பே இல்லை. நாய் பார்த்துவிட்டது, ஓடுகிறது. அது சட்டப்படி குற்றம் என்று அப்போது எனக்குத் தெரியாது. நம் நாட்டின் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குள் கொல்வதை மட்டும் வைக்கவில்லை. நாயை விட்டுத் துரத்துவது, விரட்டிக் கலைப்பது, அதற்கான முயற்சி எல்லாமே வேட்டைதான் என்கிறது. இதைப் பல வருடம் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அப்படிப் படிக்கப் போன இடத்தில்தான் இங்கிலாந்தின் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. நாய்களை வைத்து வேட்டையாடுவதை உலகிலேயே அதிகமாக விவாதித்த நாடு அதுவாகத்தான் இருக்கும். சட்டம் வந்து இருபது வருடம் தாண்டிவிட்டது. இன்றும் டிசம்பர் 26 அன்று கிராமத்துச் சந்தைத் திடல்களில் சிவப்புக் கோட்டுக்காரர்கள் குதிரையில் வந்து நிற்கிறார்கள், முப்பது நாற்பது ஹவுண்டுகள், அதாவது கூட்டமாக ஓடும் வேட்டை நாய்கள், வாலாட்டிக்கொண்டு சுற்றி வருகின்றன. 2024 தேர்தல் அறிக்கையில் தொழிலாளர் கட்சி ‘டிரெயில் ஹண்டிங்கை’, அதாவது வாசனைத் தடம் பூசி அதன் பின்னால் நாய்களை விடுவதை, தடை செய்வோம் என்று எழுதியது. அப்படியானால் 2004-இல் தடை செய்தது எதை? மறுபடியும் தடை செய்வதானால் எப்படிச் செய்ய வேண்டும்? அவர்கள் முன்னால் உள்ள வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

அதற்கு முன் என்னுடைய அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். தண்டனை எவ்வளவு கடுமை என்பதை நான் இரண்டாவதாகத்தான் கேட்பேன். ஒரு கிராமத்துப் போலீஸ்காரர் வேலியோரம் நின்று பார்க்கும்போது, அங்கே நடப்பது குற்றமா இல்லையா என்று அவரால் சொல்ல முடிகிறதா? இதுதான் என் முதல் கேள்வி.

இப்போது இருக்கும் சட்டம்

வேட்டைச் சட்டம் 2004 நவம்பர் 18 அன்று அரச ஒப்புதல் பெற்றது, 2005 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும் பொருந்தும். மேலவையான பிரபுக்கள் சபை ஒத்துக்கொள்ளாததால், 1911, 1949 நாடாளுமன்றச் சட்டங்களின் அதிகாரத்தைக் கொண்டு மக்கள் சபை தனியாகவே நிறைவேற்றியது. அது செல்லாது என்று தொடுத்த வழக்கு 2005-இல் தோற்றது. மனித உரிமையின் பேரில் தொடுத்த வழக்கு 2007-இல் பிரபுக்கள் சபையின் நீதிக்குழுவில் தோற்று, 2009-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திலும் எடுபடவில்லை. ஆக, சட்டம் செல்லுமா என்ற கேள்வி முடிந்துபோன ஒன்று.

காட்டுப் பாலூட்டியை நாய் கொண்டு வேட்டையாடுவது குற்றம், விலக்குப் பட்டியலில் இருந்தால் தவிர. மையமான விதி இவ்வளவுதான். சிக்கல் முழுக்க அந்தப் பட்டியலில் இருக்கிறது. இரண்டு நாய்களுக்கு மிகாமல் வைத்துக்கொண்டு, மறைவிலிருந்து விலங்கைக் கலைத்து வெளியே கொண்டுவந்து, உடனே சுட்டுவிடலாம். எலிக்கும், வளையில் வாழும் குழிமுயலுக்கும் தடை இல்லை. வளைக்குள் ஒரே ஒரு டெரியர் நாயை இறக்கலாம், ஆனால் சுடுவதற்காக வளர்க்கும் பறவைகளைக் காப்பாற்றுவதற்கு மட்டும். ஆராய்ச்சிக்காகவும், காயம்பட்ட விலங்கை மீட்பதற்காகவும் இரண்டு நாய்கள். வல்லூறு, கழுகு போன்ற இரைகொல்லிப் பறவை வேட்டையாடுவதற்காக விலங்கைக் கலைத்துக் கொடுப்பதென்றால் எத்தனை நாய் வேண்டுமானாலும் கூட்டி வரலாம்.

கடைசி விலக்கை மறுபடி படியுங்கள். சட்டம் வந்ததும் சில வேட்டைக் குழுக்கள் பறவை ஒன்றைக் கூடவே கொண்டுவரத் தொடங்கின. ஒருவர் பொன்னிறக் கழுகைக் கையில் ஏந்தி வருவார், முன்னால் முப்பது ஹவுண்டுகள் ஓடும். நரியைக் கொல்வது கழுகா, நாய்களா என்பது பார்ப்பவர் எல்லோருக்கும் தெரியும். 2018-இல் பீட்டர்பரோ நீதிமன்றம் ஒரு வழக்கில் இந்தச் சாக்கை ஏற்காமல் ஹண்ட்ஸ்மேனுக்கு, அதாவது ஹவுண்டுகளை நடத்திச் செல்பவருக்கு, தண்டனை கொடுத்தது. அந்த ஒரு தீர்ப்பு வருவதற்குள் சட்டம் வந்து பதின்மூன்று வருடம் ஓடியிருந்தது.

ஆனால் பெரிய ஓட்டை பட்டியலில் இல்லை. அதன் பெயர்தான் டிரெயில் ஹண்டிங்.

டிரெயில், டிராக்: இரண்டும் ஒன்றல்ல

இந்த வித்தியாசம் பிடிபடாமல் மற்றது எதுவும் புரியாது, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

டிராக் ஹண்டிங் பழைய விளையாட்டு. சோம்பு எண்ணெய் போன்ற, விலங்கோடு தொடர்பில்லாத வாசனையைத் துணியில் தோய்த்து, முன்கூட்டியே தீர்மானித்த வழியில் இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். ஹவுண்டுகள் அந்த வாசனையைப் பின்தொடரும், பின்னால் குதிரைகள் வேலி தாண்டி வேகமாக வரும். நரி இருக்கும் புதர்க்காட்டுப் பக்கம் போக வேண்டிய தேவையே இல்லை. அந்த நாய்களுக்கு நரி வாசனை பழக்கப்படுவதும் இல்லை.

டிரெயில் ஹண்டிங் 2005-க்குப் பிறகு பரவியது. இதில் பூசுவது பெரும்பாலும் நரி மூத்திரம் போன்ற விலங்கு வாசனை. வழி எங்கே போகிறது என்பது ஹண்ட்ஸ்மேனுக்கே தெரியாமல் இருக்கலாம், பழைய வேட்டையின் விறுவிறுப்பு அப்போதுதான் வரும் என்பார்கள். ஹவுண்டுகளை விடுவதும் நரி வாழும் புதர்களிலேயே. பூசிய நரி வாசனையைத் தேடிப் பழகிய நாய்களை நிஜ நரியின் வீட்டு வாசலில் அவிழ்த்துவிட்டால் என்ன நடக்கும்? நாய்க்கு இரண்டு வாசனையும் ஒன்றுதான். நரி செத்த பிறகு, ‘நாங்கள் வாசனைத் தடத்தைத்தான் பின்தொடர்ந்தோம், நாய்கள் தடம் மாறிவிட்டன, அது விபத்து’ என்று சொன்னால் முடிந்தது. வேட்டையாடும் எண்ணம் இருந்ததை அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும்.

2009-இல் எக்ஸ்மூர் பகுதி வழக்கு ஒன்றில் உயர் நீதிமன்றம் இன்னொரு விஷயத்தையும் தெளிவாக்கியது: விலங்கைத் தேடுவது மட்டும் ‘வேட்டை’ ஆகாது, கண்டுபிடித்துத் துரத்தினால்தான் ஆகும். விலக்கு பொருந்தாது என்பதை நிரூபிக்கும் பாரமும் அரசுத் தரப்பின் தலையில்தான். சட்டத்தின் சொற்களை வைத்துப் பார்த்தால் தீர்ப்பில் தவறு இல்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். நாற்பது நாய்களோடு புதர் புதராகத் தேடிப்போகலாம். குற்றம் தொடங்குவது நரி ஓட ஆரம்பித்த பிறகுதான். போலீஸ் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

2020 ஆகஸ்டில் வேட்டைக் குழுக்களுக்கு நடத்திய இணையவழிக் கூட்டங்கள் வெளியே கசிந்து பெரிய புயலைக் கிளப்பின. அதில் பேசிய ஒரு நிர்வாகிக்கு 2021-இல் தண்டனை கிடைத்தது. 2022-இல் மேல்முறையீட்டில் அது ரத்தானது, அவர் குற்றமற்றவர் என்றே முடிந்தது. அவர் சொன்ன சொற்களுக்கு இரண்டு அர்த்தம் கொள்ள முடிந்ததுதான் காரணம். ஆனால் அந்த ஒளிப்பதிவுகள் நில உரிமையாளர்களை அசைத்துவிட்டன. 2021-இல், பாரம்பரிய இடங்களையும் நிலங்களையும் பேணும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு இனி தன் நிலத்தில் டிரெயில் ஹண்டிங்குக்கு உரிமம் தருவதில்லை என்று முடிவெடுத்தது, வேல்ஸின் இயற்கை வள அமைப்பும் அதையே செய்தது. நாடாளுமன்றம் அடைக்காத ஓட்டையை நிலத்துக்காரர்கள் தங்கள் வேலிக்குள் அடைத்துக்கொண்டார்கள்.

வழி ஒன்று: சட்டத்தை விட்டுவிட்டு, அமலாக்கத்தைக் கூட்டுவது

கேட்க நியாயமாக இருக்கும். இருக்கிற சட்டத்தையே ஒழுங்காக அமல்படுத்தினால் போதாதா?

போதாது. இந்தக் குற்றத்துக்குச் சிறைத் தண்டனை கிடையாது, அபராதம் மட்டும். கீழ் நீதிமன்றத்தில் மட்டும் விசாரிக்கும் சிறுகுற்ற வகை என்பதால் ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடுத்தாக வேண்டும். எண்ணத்தை நிரூபிக்கத் தொலைபேசிப் பதிவுகள், பல நாள் ஒளிப்படங்கள் எல்லாம் திரட்டுவதற்கு அது குறைந்த காலம். ஆதாரத்தின் பெரும்பகுதியைச் சேகரிப்பவர்கள் கேமராவோடு வயல்களில் அலையும் தன்னார்வலர்கள். போலீஸைக் கூட்டினாலும், காணக்கிடைப்பது நாய்களும் குதிரைகளும் ஒரு செத்த நரியும்தான். எண்ணம் கண்ணுக்குத் தெரியாதே.

ஒரு ஒப்பீட்டைச் சொல்லாமல் என்னால் இந்த இடத்தைத் தாண்ட முடியாது. முயலின் மேல் நாய்களை விட்டுப் பந்தயம் கட்டும் கும்பல்கள் இங்கிலாந்தின் கிழக்குச் சமவெளிகளில் பெரிய தொல்லை. விவசாயிகளை மிரட்டுவார்கள், பயிரின் மேல் வண்டியை ஓட்டுவார்கள். 2022-இல் நாடாளுமன்றம் இதற்குத் தனியாகவே விதி செய்தது. அடுத்தவர் நிலத்தில் அத்துமீறி நுழைந்து முயலை நாயால் ‘தேடும் அல்லது துரத்தும்’ நோக்கத்தோடு இருந்தாலே குற்றம். ஆறு மாதம் வரை சிறை. பறிமுதல் செய்த நாய்களைப் பராமரித்த செலவை வசூலிக்கலாம், நாய் வளர்க்கவே தடை போடலாம்.

நல்ல விதி, எனக்கு மறுப்பில்லை. ஆனால் ‘தேடும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். லர்ச்சர் என்ற முயல் துரத்தும் நாயோடு அடுத்தவர் வயலில் நிற்பவனுக்குத் தேடுவதே குற்றம். நாற்பது ஹவுண்டுகளோடு நண்பரின் பண்ணையில் நிற்பவருக்குத் தேடுவது குற்றமில்லை. அத்துமீறல் என்ற வேறுபாடு இருக்கிறது, சரி. முயலுக்கும் நரிக்கும் அந்த வேறுபாடு ஒரு பொருட்டா? 2004 சட்டத்தின் கீழ் தண்டனை பெற்றவர்களிலும் பெரும்பாலானோர் இப்படித் திருட்டுத்தனமாக வேட்டையாடியவர்கள்தான், பதிவு பெற்ற வேட்டைக் குழுக்களைச் சேர்ந்தவர்கள் குறைவு. அமலாக்கத்தைக் கூட்டினால் இந்தச் சாய்வும் சேர்ந்தே கூடும்.

‘எண்ணம்’ என்பதோடு ‘அசட்டை’ என்பதையும் குற்றமாக்கலாம் என்றொரு யோசனை உண்டு. நரி சாகக்கூடும் என்று தெரிந்தும் நாயை விட்டால் குற்றம். இப்போதைய நிலையைவிட நிச்சயம் மேல். ஆனாலும் ‘எனக்கு என்ன தெரிந்திருந்தது’ என்ற மனக் கேள்விக்குள்ளேயே வழக்கு மறுபடியும் போய் மாட்டிக்கொள்ளும்.

வழி இரண்டு: தடையை எடுத்துவிட்டு உரிமம் கொடுப்பது

இது புதிதல்ல. 1999 இறுதியில் பர்ன்ஸ் பிரபுவின் தலைமையில் விசாரணைக் குழு அமைந்து, 2000 ஜூனில் அறிக்கை வந்தது. பதிவு பெற்ற குழுக்கள் வருடத்துக்கு 21,000 முதல் 25,000 நரிகளைக் கொல்வதாகக் கணக்கிட்டது. துரத்தலும் கொல்லலும் நரியின் நலனைக் கடுமையாகப் பாதிக்கின்றன என்றது. அதே அறிக்கை, தகுந்த இடத்தில் சரியாகச் செய்தால் இரவில் விளக்கடித்து ரைஃபிளால் சுடுவது வேட்டையைவிடத் துன்பம் குறைந்தது என்றும், மலைப் பகுதிகளில் அதற்கு வாய்ப்பு குறைவு என்றும் சொன்னது. வேட்டையை நம்பி 6,000 முதல் 8,000 வரை முழுநேர வேலைகள் இருப்பதாகவும் கணித்தது.

அதை வைத்து 2002 டிசம்பரில் அரசு கொண்டுவந்த மசோதா உரிம முறைதான். மான் வேட்டையும் முயல் பந்தயமும் முழுத் தடை. மற்றவற்றுக்கு இரண்டு சோதனை: பயிருக்கோ கால்நடைக்கோ உண்மையான பயன் உண்டா? வேறு வழிகளைவிடத் துன்பம் குறைவா? இரண்டிலும் தேறினால் உரிமம். 2003-இல் மக்கள் சபை உறுப்பினர்கள் அதைத் திருத்தி முழுத் தடை ஆக்கினார்கள்.

அந்த இரண்டு சோதனைகளும் எனக்குப் பிடித்தவை. நேர்மையான கேள்விகள். ஆனால் நேர்மையாகப் பதில் சொன்னால் சமவெளியில் குதிரையேறிப் போகும் வேட்டை எதுவும் தேறாது. 2001-இல் கோமாரி நோய் பரவியபோது நாடு முழுக்கப் பத்து மாதம் போல வேட்டை நின்றது. நரிகள் பெருகியிருக்க வேண்டுமே? முன்னும் பின்னும் நரி எச்சங்களை எண்ணி ஒப்பிட்ட ஆய்வு 2002-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்தது. குறிப்பிடத்தக்க பெருக்கம் எதுவும் இல்லை. அப்படியென்றால் பயன் என்ற முதல் சோதனையிலேயே பெரும்பகுதி அடிபட்டுவிடும். உரிமம் தருபவர் கண்டிப்பானவராக இருந்தால் அது சுற்றுவழியில் ஒரு தடை, தளர்வானவராக இருந்தால் பழைய வேட்டைக்கு அரசு முத்திரை. யார் அந்த நாற்காலியில் உட்காருகிறார் என்பதை நம்பி ஒரு சட்டத்தை எழுதக் கூடாது.

மலை விவசாயிகளின் பிரச்சினைக்கு மட்டும் இந்த வழியில் உண்மையான பதில் இருக்கிறது. அதைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன்.

சட்டமே வேண்டாம் என்ற வழியும் ஒன்று உண்டு. வட அயர்லாந்தில் இன்றும் நரியை நாய்களால் வேட்டையாடலாம். தடை மசோதா 2021 டிசம்பரில் வாக்கெடுப்பில் தோற்றது. இங்கிலாந்து அந்த நிலைக்குத் திரும்பும் என்று அங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை. 2017 தேர்தலின்போது தடையை நீக்குவது பற்றி வாக்கெடுப்பு நடத்துவதாக வாக்களித்த கன்சர்வேட்டிவ் கட்சியே அடுத்த வருடம் அதைக் கைவிட்டது.

வழி மூன்று: டிரெயில் ஹண்டிங்கை மட்டும் தடை செய்வது

இப்போது மேசையில் இருப்பது இதுதான். ஒரு வரியில் முடியும் திருத்தம் போலத் தோன்றும். உண்மையில் எல்லாம் எழுதும் விதத்தைப் பொறுத்தது. ‘டிரெயில் ஹண்டிங் தடை’ என்று பெயரை வைத்து எழுதினால், அடுத்த சீசனில் வேறு பெயரில் அதே நாய்கள் அதே புதரில் நிற்கும். ‘விலங்கிலிருந்து எடுத்த அல்லது விலங்கைப் போல மணக்கும் வாசனையைப் பின்தொடர நாயை ஏவுவது குற்றம்’ என்று செயலை வைத்து எழுதினால், போலீஸ்காரர் துணியைப் பறிமுதல் செய்து பரிசோதனைக்கு அனுப்பலாம். இப்போதுதான் என் முதல் கேள்விக்குப் பதில் கிடைக்கிறது: வாசனையைப் புட்டியில் அடைத்து நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம், எண்ணத்தை முடியாது.

இந்த வழியில் டிராக் ஹண்டிங் தப்பிக்கும், தப்பிக்கவும் வேண்டும். குதிரை, ஹவுண்டு, குளிர்காலக் காலை, கிராமத்தார் கூடுவது எல்லாம் சேர்ந்த ஒரு வாழ்க்கை அங்கே இருக்கிறது. லாடம் அடிப்பவர், லாயக்காரர், நாய் பராமரிப்பவர் என்று அதை நம்பியவர்கள் இருக்கிறார்கள். 2002 செப்டம்பரில் நாலு லட்சம் பேர் லண்டனில் ஊர்வலம் போனார்கள் என்றால், அவர்கள் அத்தனை பேரும் நரியின் சாவை ரசிக்கப் போனவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களிடம் கேட்பது நரியை விட்டுவிடுங்கள் என்பதைத்தான், குதிரையையும் நாயையும் அல்ல.

குறை என்னவென்றால், விலக்குப் பட்டியல் அப்படியே இருக்கும். டிரெயில் கதவை மூடினால் கழுகுக் கதவு திறந்திருக்கிறது. ‘ஆராய்ச்சி’ என்ற பெயரில் எக்ஸ்மூரிலும் குவாண்டாக் குன்றுகளிலும் மான்களை இரண்டிரண்டு நாய்களாக மாற்றி மாற்றி விட்டுத் துரத்தும் கதவும் திறந்திருக்கிறது. துரத்தப்பட்ட மான் எவ்வளவு துன்பப்படுகிறது என்பதைக் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி பேட்ரிக் பேட்சன் நேஷனல் டிரஸ்டுக்காக ஆராய்ந்து 1997-இலேயே சொல்லிவிட்டார். அதைப் படித்துத்தான் டிரஸ்ட் தன் நிலத்தில் மான் வேட்டையை நிறுத்தியது. இன்னும் என்ன ஆராய்ச்சி பாக்கி இருக்கிறது?

வழி நான்கு: ஸ்காட்லாந்து போன பாதை

ஸ்காட்லாந்து இங்கிலாந்துக்கு முன்னாலேயே, 2002-இல் தடைச் சட்டம் போட்டது. ஆனால் அங்கே நாய்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கவில்லை. துப்பாக்கியோடு காத்திருப்பவரிடம் நரியைக் கலைத்துக் கொடுப்பதற்கு முழுக் கூட்டத்தையும் விடலாம். குதிரை வேட்டைக் குழுக்கள் ‘நாங்கள் கலைத்துத்தான் கொடுக்கிறோம்’ என்று சொல்லித் தொடர்ந்தன. 2016-இல் பொனோமி பிரபு அந்தச் சட்டத்தை மறுஆய்வு செய்து பல பலவீனங்களைச் சுட்டினார்.

இதற்கிடையில், 2015-இல் பிரிட்டன் அரசு இங்கிலாந்து, வேல்ஸின் இரண்டு நாய் வரம்பை எடுத்துவிட்டு அந்தப் பழைய ஸ்காட்லாந்து முறைக்கு மாறப் பார்த்தது. ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி எதிர்த்து வாக்களிப்போம் என்றதும் வாக்கெடுப்பே நடக்காமல் பின்வாங்கியது. ஓட்டை உள்ள சட்டத்தைப் பார்த்து இன்னொரு ஓட்டை போடுவதற்கு இருந்தார்கள், நல்லவேளை.

2023-இல் ஸ்காட்லாந்து புதிதாகவே எழுதியது. அந்த வருடம் அக்டோபர் 3 முதல் அமல். தரைக்கு மேல் இரண்டு நாய், வளைக்குள் ஒன்று. பறவை வைத்து வேட்டையாடுவதற்கும் அதே இரண்டு நாய் வரம்பு. விலங்கு வாசனைத் தடத்தை நாய்கள் பின்தொடர்வது தனிக் குற்றம், நாய்க்குப் பயிற்சி கொடுப்பதற்கு மட்டும் இரண்டு நாய்க்கு மிகாமல் குறுகிய விலக்கு. குழிமுயலும் பாதுகாப்புக்குள் வந்தது. கடுமையான குற்றத்துக்கு ஐந்து வருடம் வரை சிறை. இரண்டுக்கு மேல் நாய் வேண்டுமென்றால் ஸ்காட்லாந்தின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சர்ஸ்காட்டிடம் உரிமம் வாங்க வேண்டும். கால்நடையைக் காக்கும் தேவைக்கு என்றால் ஆறு மாத காலத்துக்குள் அதிகபட்சம் 14 நாட்களுக்குத்தான் அந்த உரிமம்.

என் அளவுகோலில் இது எப்படி நிற்கிறது? போலீஸ்காரர் நாய்களை எண்ணுகிறார். மூன்று இருக்கிறது. உரிமம் எங்கே? இல்லை. முடிந்தது. மனதுக்குள் புகுந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு என்ற எண் விலங்கின் நலனை அளந்து வந்த எண் அல்ல, ஒப்புக்கொள்கிறேன். இரண்டு நல்ல நாய்களும் நரியைக் கொல்லும். ஆனால் இரண்டு நாயை ஒரு மனிதன் கூப்பிட்டுத் திருப்ப முடியும், காட்டுக்குள் அரை மைல் தள்ளி ஓடும் நாற்பதை முடியாது. அதனால்தான் இந்த எண்ணிக்கை ‘விபத்து’ என்ற சாக்கின் அடியையே அறுக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. உரிமக் கதவு இங்கேயும் இருக்கிறது, வழி இரண்டில் நான் சொன்ன பயம் இதற்கும் பொருந்தும். வேறுபாடு என்னவென்றால், இங்கே தடை விதி, உரிமம் அபூர்வம். நாளும் இடமும் குறித்த உரிமம் என்பதால் அதையும் சரிபார்க்க முடியும்.

மலையில் ஆடு வளர்ப்பவர் என்ன செய்வார்?

நகரத்தில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள் வழக்கமாகத் தாண்டிப்போகும் இடம் இது. வேல்ஸ், கம்ப்ரியா மலைகளில் வசந்த காலத்தில் ஆடுகள் திறந்த வெளியில் ஈனும். குட்டியை நரி தூக்கினால் அந்தக் குடும்பத்துக்கு அது நிஜமான இழப்பு. பக்கத்தில் அரசு நட்ட ஊசியிலைக் காடு அடர்த்தியாக நிற்கிறது, விளக்கடித்துச் சுட முடியாது. அங்கே சிவப்புக் கோட்டும் கிடையாது, குதிரையும் கிடையாது. விவசாயிகள் நாய்களோடு நடந்து போய், காட்டைச் சுற்றித் துப்பாக்கிக்காரர்களை நிறுத்துவார்கள். இரண்டு நாயால் அந்தக் காட்டைக் கலைக்க முடியாது என்பது அவர்களுடைய வாதம். ஸ்காட்லாந்துக் காடுகளில் இரண்டு நாயையும் முழுக் கூட்டத்தையும் விட்டு ஒப்பிட்ட கள ஆய்வும் அவர்கள் பக்கம்தான் நிற்கிறது: கூட்டம் விட்டபோது அதிக நரிகள் வெளியே வந்தன.

இந்த வாதத்தை நான் ஏற்கிறேன். அதனால்தான் உரிமமே இல்லாத முழுத் தடையை நான் கேட்கவில்லை. ஆனால் இதைக் காட்டி லெஸ்டர்ஷயர் புல்வெளியில் குதிரையேறிப் போகிறவர் தனக்கும் இடம் கேட்பதை ஏற்க முடியாது. மலை விவசாயியின் தேவையைச் சமவெளிப் பொழுதுபோக்கு இருபது வருடமாகக் கேடயமாகப் பிடித்திருக்கிறது.

நீலகிரியும் இந்தக் கதையில் ஒரு ஓரத்தில் வருகிறது. ஊட்டியில் வெள்ளைக்காரர்கள் ஹவுண்டுகளை வரவழைத்து வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் வேட்டை நடத்தினார்கள். அங்கே இங்கிலாந்துச் செந்நரி கிடையாது. நம் குள்ளநரியைத் துரத்தினார்கள். எந்த ஆட்டுக்குட்டியைக் காப்பாற்ற? ஓடுவதற்கு ஒரு விலங்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

வழி நான்கு. ஆனால் அப்படியே தூக்கி வைக்காமல், சில மாற்றங்களோடு.

இரண்டு நாய் வரம்பை எல்லா விலக்குக்கும் ஒரே மாதிரி போட வேண்டும், கழுகு வைத்திருந்தாலும் சரி. இங்கிலாந்தின் ஆராய்ச்சி விலக்கை நீக்கிவிட வேண்டும். உண்மையான ஆய்வாளர்கள் பல்கலைக்கழக அனுமதியோடு தனி உரிமம் கேட்கட்டும். விலங்கு வாசனைத் தடத்தைச் செயலை வைத்துத் தடை செய்ய வேண்டும், டிராக் ஹண்டிங்கைப் பெயர் சொல்லியே அனுமதிக்க வேண்டும், இல்லாவிட்டால் அதை நடத்துகிறவர்கள் அநாவசியமாகப் பயத்தில் இருப்பார்கள். ஆறு மாதக் கெடுவைத் தளர்த்த வேண்டும். 2022-இல் முயல் வழக்குகளுக்குக் கொடுத்த அதிகாரங்களை, நாயைப் பறிமுதல் செய்வது, செலவை வசூலிப்பது, நாய் வளர்க்கத் தடை போடுவது ஆகியவற்றை, நரி வழக்குகளுக்கும் கொடுக்க வேண்டும். சிறைத் தண்டனையும் வேண்டும், ஆனால் என் பட்டியலில் அது கடைசி.

வேட்டைக் குழுக்களுக்கு மாறிக்கொள்ள ஒரு சீசன் அவகாசம் தரலாம். நரி வாசனைக்குப் பழகிய ஹவுண்டுகளைப் புது வாசனைக்குப் பழக்க நாள் பிடிக்கும், அவற்றில் சில பழகாமலும் போகும். அந்த நாய்களைச் சுட்டுத் தள்ளாமல் வீடுகளில் சேர்ப்பதற்கும் அந்த ஒரு வருடம் உதவும்.

மலைப் பகுதி உரிமத்தை ஆடு ஈனும் பருவத்தை ஒட்டிக் கொடுக்கலாம். எந்தக் காடு, எந்த நாட்கள், எத்தனை நாய், எத்தனை துப்பாக்கி என்று அதிலேயே எழுதியிருக்க வேண்டும். முடிந்ததும் எத்தனை நரி வெளியே வந்தது, எத்தனை சுடப்பட்டது, எத்தனையை நாய்கள் பிடித்தன என்று கணக்குக் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கு எல்லோரும் பார்க்கும்படி பதிவேட்டில் ஏற வேண்டும். நாய்கள் பிடித்த எண்ணிக்கை சுட்ட எண்ணிக்கையைத் தாண்டினால், அடுத்த வருடம் அந்தக் குழுவுக்கு உரிமம் கிடையாது.

போலீஸ்காரர் எண்ணிப் பார்க்கலாம். பக்கத்துப் பண்ணைக்காரரும் எண்ணிப் பார்க்கலாம்.